நேபாளத்துக்குச் சாலை வழியாகப் போக ஆதார் போதுமா? அம்மாவையும் அக்கா மகளையும் நினைத்தால் கவலையாக இருக்கிறது

தண்டையார்பேட்டை குமரன்:
மே மாத லீவில் குடும்பத்தோடு நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குப் போகிறோம். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் எல்லை ஊரான சுனௌலி, எல்லையைத் தாண்டிப் பொக்ரா. நான், மனைவி, 11 வயதுப் பையன், அக்கா மகள் (16 வயது), அம்மா என ஐந்து பேர். யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது.

டிக்கெட் போட்டுத் தரும் டிராவல்ஸ்காரர் "நேபாளம் நம்ம ஊர் மாதிரிதான் சார், ஆதார் இருந்தா போதும்" என்கிறார். பக்கத்துத் தெருக்காரர் ஆதாரைக் காட்டி மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறார். எனக்கும் மனைவிக்கும் ஓட்டர் ஐடி இருக்கிறது. அம்மாவுடையது பழைய லேமினேஷன் கார்டு. 2015 வெள்ளத்தில் நனைந்து முகமே தெரியவில்லை. ஆதார் நன்றாக இருக்கிறது, ஆனால் பிறந்த தேதி தெரியாததால் ஏதோ ஒரு வருடத்தில் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு 67 இருக்கும், ஆதார் கணக்கில் 63.

அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் இருந்தவரை அம்மா திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை. அவ்வளவு தூரம் கூட்டிப்போய் எல்லையில் அவரைத் திருப்பி அனுப்பினால் என்னால் தாங்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி மணி:
நாங்கள் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை அண்ணா. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம். பயப்படாமல் போய்வாருங்கள்.

பெரம்பூர் பெரியவர்:
குமரன் தம்பி, மணி சொல்வதும் உண்மைதான். இந்தியாவும் நேபாளமும் 1950-இல் போட்ட ஒப்பந்தம் இருப்பதால் எல்லையைத் தாண்ட நமக்கும் நேபாளிகளுக்கும் விசா தேவையில்லை. சுனௌலியில் காலையில் நின்று பார்த்தால் சைக்கிளோடும் காய்கறி மூட்டையோடும் ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் விசா வேண்டாம் என்பது வேறு, அடையாள அட்டையே வேண்டாம் என்பது வேறு. நம் பக்கம் எல்லையைக் காப்பது எஸ்எஸ்பி படை. அவர்கள் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம்.

நான் ரயில்வே லோகோ பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று முறை நம் பக்கத்து ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு முக்திநாத் போய்வந்தேன். 2019-இல் போனபோது கொடுங்கையூரிலிருந்து ஒரு பாட்டியும் 17 வயதுப் பேரனும் வந்தார்கள். பாட்டிக்கு எழுபது தாண்டியிருந்ததால் ஆதாரைப் பார்த்து விட்டுவிட்டார்கள். பையனை விடவில்லை. அவனிடமும் ஆதார்தான் இருந்தது. ரேஷன் கார்டைக் காட்டினோம். அது முழுக்கத் தமிழில் இருந்தது, அந்த ஜவானால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பிறகு பள்ளிக்குப் போன் போட்டு, தலைமையாசிரியர் சான்று எழுதி, புகைப்படம் ஒட்டி, சீல் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று புத்தர் பிறந்த லும்பினியைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாட்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிளம்பும் முன் எல்லாருடைய கார்டையும் நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நேபாளம் போக எந்த வயதிலும் நமக்குச் செல்லுபடியாவது இரண்டு: பாஸ்போர்ட், தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை. ஆதார் செல்லுவது 15 வயதுக்குக் கீழேயும் 65 வயதுக்கு மேலேயும் உள்ளவர்களுக்கு மட்டும். அதையும் 2019 ஜனவரியில்தான் உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. உங்கள் பையனுக்குப் பிரச்சினை இல்லை, அசல் ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உண்மையில் என்ன வயது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கார்டில் 63 என்றால் 63தான். அதனால் அவருக்கு ஆதார் உதவாது.

குடும்பமாகப் போனால் ஒரு பெரியவரிடம் பாஸ்போர்ட்டோ ஓட்டர் ஐடியோ இருந்தால் போதும், மற்றவர்கள் படம் உள்ள ஏதாவது ஒன்றோடு உறவுக்கும் சான்று காட்டலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள், பெற்றோர். அம்மா அதில் வருவார், அக்கா மகள் வரமாட்டாள். அம்மாவுக்கும்கூட நான் அதை நம்பமாட்டேன். உறவைக் காட்ட நம்மிடம் இருப்பது அதே தமிழ் ரேஷன் கார்டுதானே.

இன்னும் நாள் இருப்பதால் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள். 1,500 ரூபாய், 60 வயது தாண்டியவர்களுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. அவசரம் என்றால் தட்கல், கூடுதலாக 2,000. அதோடு புது ஓட்டர் ஐடிக்குப் படிவம் 8 போட்டுவையுங்கள். நனைந்த கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் எண் வேண்டும். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்யலாம்.

அக்கா மகளுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 15 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள் பள்ளி முதல்வர் தரும் அடையாளச் சான்றோடு போகலாம். லீவு விட்டால் பள்ளியில் ஆள் பிடிப்பது கஷ்டம், இப்போதே கேளுங்கள். அப்புறம், உங்கள் அக்காவும் மாமாவும் "எங்கள் மகளைத் தாய்மாமனோடு அனுப்புகிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, போன் நம்பரோடு தரட்டும். இது விதியில் இல்லை. ஆனால் நேபாளத்திலிருந்து பெண் பிள்ளைகளைக் கடத்தி வருவதைத் தடுக்க, இந்தியாவுக்குள் வரும் இளம் பெண்களைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார்கள். நல்ல காரியம், கோபப்படக் கூடாது. இந்தி தெரியாத பிள்ளை பயந்துவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள்.

பொக்ராவிலிருந்து முக்திநாத் பக்கத்து ஊரான ஜோம்சோமுக்கு விமானத்தில் போவதானால் அங்கேயும் அட்டை கேட்பார்கள். மலைப்பாதை பஸ்ஸில் அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்துவிடும், முடிந்தால் விமானமே நல்லது. கோயில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆழ்வார்கள் சாளக்கிராமம் என்று பாடிய திவ்யதேசம் அதுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

மாதவரம் உமா:
வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினரோடு போகிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். என் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். எங்களோடு பேசிக்கொண்டே நடந்து, கடை வரிசைக்கு நடுவே இருந்த நம் குடிநுழைவு அலுவலகத்தைக் கவனிக்காமல் தாண்டிவிட்டாள். இந்தியாவை விட்டு வெளியேறும் முத்திரை இல்லாமல் நேபாளப் பக்கம் விசா தரவில்லை, திரும்ப நடக்கவிட்டார்கள். அவர்களுக்கு 15 நாள் விசாவுக்கு 30 டாலர். ரொக்கமாகக் கையில் இருப்பது நல்லது.

தண்டையார்பேட்டை குமரன்:
பெரியவருக்கு மிகவும் நன்றி ஐயா. படித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். நாளைக் காலையிலேயே பள்ளிக்குப் போகிறார். டிராவல்ஸ்காரரிடம் அம்மாவின் பாஸ்போர்ட் கையில் வந்த பிறகுதான் முன்பணம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அடுத்த வாரம் பாஸ்போர்ட் ஆபீசில் நேரம் கிடைத்திருக்கிறது, நம் சென்னை சாலிகிராமத்தில். "சாளக்கிராமம் போறதுக்கு முன்னாடி சாலிகிராமம் வரச் சொல்றான் பெருமாள்" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.