மறுமொழி: பல்லெண் இணைப்பா, பல்லிலக்கச் சிம்மா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே மொபைல் இணைப்பில் இரண்டு மூன்று தொலைபேசி எண்களை வைத்துக்கொள்ளும் வசதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன: பல்லிலக்கச் சிம், ஈரெண் சிம், பல்லெண் சந்தா, பன்னெண். மூன்றாவதில் பாதி எனக்குச் சம்மதம். மற்றவற்றோடு எனக்குள்ள சண்டையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ‘சிம்’. நம் எண் சிம்முக்குள் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வலையமைப்பு சிம்மை அடையாளம் காண்பது ஐ.எம்.எஸ்.ஐ. என்ற வேறோர் எண்ணை வைத்து. அதிகபட்சம் 15 இலக்கம். முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கும், இலங்கைக்கு 413. 94 என்று தொடங்கி நாம் ஆட்களுக்குக் கொடுக்கும் எண், நிறுவனத்தின் எச்.எல்.ஆர். என்ற பதிவேட்டில் அந்த ஐ.எம்.எஸ்.ஐ.க்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது. யாராவது அழைத்தால் பதிவேட்டைப் பார்த்து, இந்த எண் எந்தச் சிம்முக்குரியது, அந்தச் சிம் இப்போது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கே மணியடிக்க வைப்பார்கள். சிம் தொலைந்து புதிது வாங்கினாலும் பழைய எண்ணே கிடைப்பது இதனால்தான். அட்டையும் ஐ.எம்.எஸ்.ஐ.யும் புதிது, எதிரே எழுதிய எண் பழையது.

அப்படியென்றால் ஒரே ஐ.எம்.எஸ்.ஐ.க்கு எதிரே இரண்டு எண்களை எழுதவும் முடியும்தானே? ஜி.எஸ்.எம். என்ற மொபைல் தொழில்நுட்பம் இதற்கு ஆரம்பத்திலேயே இடம் வைத்திருந்தது. பேச்சுக்கு ஓர் எண், தொலைநகலுக்கு ஓர் எண், தரவுக்கு ஓர் எண், எல்லாம் ஒரே இணைப்பில். தொலைநகல் போன வழியில் அந்தப் பிரிவும் போய்விட்டது. 1990களில் பிரித்தானியாவில் ஆரஞ்சு என்ற மொபைல் நிறுவனம் பேச்சுக்கே இரண்டாவது எண் கொடுத்தது. அந்தக் கால நோக்கியா போன்களில் # விசையை அழுத்திப் பிடித்தால் ஓர் எண்ணிலிருந்து மற்றதற்கு மாறலாம். ஜப்பானில் டொகோமோ என்ற மொபைல் நிறுவனம் வழக்கமான எண்ணோடு மேலும் இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ள விடுகிறது. இவை எதிலும் சிம் இரண்டாகவில்லை. ஆகவே பெயருக்குள் சிம் வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், ‘ஈரெண் சிம்’ என்றதும் இங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு சிம் போடும் போன். கொழும்பில் ஒருவர் கையில் 077இலும் 071இலும் தொடங்கும் இரண்டு எண்கள் இருந்தால், போனின் பக்கவாட்டில் இரண்டு சிம் இருக்கிறது என்றே பொருள். இரண்டு நிறுவனம், இரண்டு ரீலோட் (ரீசார்ஜ்), இரண்டு தனித்தனி இணைப்பு. அதற்கு ‘இரட்டைச் சிம்’ என்ற பெயர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதியில் எனக்குத் தெரிந்த துணிக்கடை முதலாளி ஒருவரின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று போன்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, ‘கடை’, ‘சரக்கு’, ‘வீடு’ என்று போல்பொயின்ட் பேனாவால் எழுதியிருப்பார். ‘சரக்கு’ மணியடித்தால் மனிதரின் குரலே மாறிவிடும். ஒரே இணைப்பில் மூன்று எண்கள் கிடைத்தால் எடுப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். “மூன்று பேரும் ஒரேயடியாக கோல் எடுத்தால் என்ன செய்யிறது?” என்று திருப்பிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. எண் மூன்றானாலும் இணைப்பு ஒன்றுதான். ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது மற்றவருக்குக் காத்திருப்பு ஒலியோ ‘வேறொரு அழைப்பில் இருக்கிறார்’ என்ற குரலோதான் கிடைக்கும். நாம் வைக்கும் பெயரைக் கேட்டு மூன்று பாதை திறக்கிறது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. ‘இணைப்பு’ ஒருமையிலும் ‘எண்’ பன்மையிலும் தெரிய வேண்டும்.

அடுத்தது ‘இலக்கம்’. இலங்கையில் எங்கள் பக்கம் தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் என்றே எழுதுகிறோம். எனக்கும் கை அப்படித்தான் போகும். ஆனால் கணக்குப் பாடத்தில் இலக்கம் என்றால் வேறு: ஓரிலக்க எண், ஈரிலக்க எண். மேலே நானே 15 இலக்கம் என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். ‘பல்லிலக்கம்’ என்றால் பத்து இலக்கத்தில் நீளமாக ஓர் எண் என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். ‘எண்’ இலங்கை, தமிழ்நாடு இரு கரைக்கும் பொது, சின்னச் சொல், சேர்க்கவும் எளிது. ‘எலெக்ட்ரானிக்’ என்பதற்கு இலத்திரனியலா மின்னணுவா என்று பிரிந்து நிற்பது போல இதிலும் நிற்க வேண்டியதில்லை.

‘பன்னெண்’ புணர்ச்சியிலேயே இடறுகிறது. பல்லும் எண்ணும் சேர்ந்தால் பல்லெண். தவிர, பேச்சில் அதைக் கேட்பவர் பன்னெண்டு என்று முடித்துவைப்பார். பல் என்றதும் பல் வைத்தியர் ஞாபகம் வருகிறது என்று கோயம்புத்தூர் ஐயா எழுதியிருந்தீர்கள். பல்கலைக்கழகத்திலும் பல்லூடகத்திலும் யாரும் வாயைத் திறந்து காட்டுவதில்லை, ஐயா.

‘சந்தா’ அகராதிப்படி சரி. ஆனால் அந்தச் சொல்லில் மாதாமாதம் கட்டும் பணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சஞ்சிகைக்குச் சந்தா, சனசமூக நிலையத்துக்குச் சந்தா. முற்கொடுப்பனவில் (பிரீபெய்டில்) ரீலோட் போட்டுப் பேசுபவரிடம் உங்கள் சந்தா என்றால், நான் எங்கே கட்டினேன் என்பார். அவர் வாயில் வருவது ‘கனெக்ஷன்’. அதன் நேர்த் தமிழ் இணைப்பு. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் பழகிய சொல். மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்புத்தானே என்ற ஆட்சேபத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் நாளில் கவலைப்படலாம்.

ஆக என் முன்மொழிவு: வசதியின் பெயர் ‘பல்லெண் இணைப்பு’. அதற்குள் முதலில் கொடுத்தது ‘முதன்மை எண்’, பிறகு சேர்த்தவை ‘துணை எண்’. ‘மாற்று எண்’ வேண்டவே வேண்டாம். படிவங்களில் அது, அவசரத்துக்கு அழைக்க வீட்டாருடைய எண்ணைக் கேட்கும் இடம்.

இதன் தலைகீழையும் இப்போதே யோசித்துவிட்டால் நல்லது. கைக்கடிகாரமும் போனும் ஒரே எண்ணுக்கு மணியடிக்கும் வசதியில் எண் ஒன்று, கருவி இரண்டு. கடிகாரத்துக்குள் தனியாக ஓர் இ-சிம்மும் (அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதிந்த சிம்) உண்டு. அதற்கு ‘பல்கருவி எண்’ என்றால் பல்லெண் இணைப்போடு ஜோடியாக நிற்கும். ‘பற்கருவி’ என்று புணர்த்தாதீர்கள், ஐயாவுக்கு மறுபடியும் வைத்தியர் வந்துவிடுவார்.

தீராதது ஒன்று இருக்கிறது: அழைக்கும்போது எந்த எண்ணைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான். பொத்தானில் இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. ‘அழைப்பெண் தேர்வு’ என்று எழுதினால், யாரை அழைப்பது என்று தேர்வு செய்யும் இடமாகத் தெரிகிறது. ‘காட்டும் எண்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.