ஆயா ரிமோட்டைப் பிடுங்கிய ராத்திரி

கெடிலக்கரை:

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடினோம். சீரியலில் பெண்ணை அறைவதைப் பார்த்துப் பார்த்து நமக்கு எப்படி மரத்துப்போகிறது என்பதுதான் அன்றைய பேச்சு. பேசியது நான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டு அக்கா டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டே, "அதெல்லாம் சரிடி, ராத்திரியானா நாற்காலியால மண்டையில அடிக்கிறதைப் பார்த்து நீ கத்துற கத்து என் வீடு வரைக்கும் கேக்குதே, அது எந்தக் கணக்கு?" என்று கேட்டார். மாடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் டிவியில் வருகிற டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம் பார்க்க ஆரம்பித்தது அண்ணன். விடாமல் பார்த்தது ஆயா, எங்கள் பாட்டி. 2002இல் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்த புதிது. ஆயாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். அண்டர்டேக்கருக்கு ஆயா வைத்த பேர் சுடுகாட்டுக்காரன். ரே மிஸ்டீரியோ முகமூடிப் பையன். "எல்லாம் முன்னாடியே பேசி வச்ச சண்டை ஆயா" என்று அண்ணன் ஒருநாள் பெரிய மனுஷனாட்டம் சொன்னான். ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூத்துல துரியோதனன் சாவான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே விடிய விடிய குந்தியிருக்கேன்" என்றது.

ஆயா சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது பார்த்திருக்கிறேன். ரெண்டு பேர் வெள்ளைத் திரையைப் பிடித்திருப்பார்கள், வேஷக்காரர் அதற்குப் பின்னால் பாட்டோடு அடவு வைத்து, கிரீடத்தை மட்டும் காட்டி, அப்புறம்தான் முன்னால் வருவார். மல்யுத்தக்காரர் தன் பாட்டு ஒலிக்க நடந்துவருவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டம் என்று ஒன்று வைப்பார்கள். எதிராளியின் மேல்துணியை உருவி உள்ளாடையோடு நிறுத்துகிறவள்தான் ஜெயித்தவள். கூட்டம் விசிலடிக்கும். அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்த ராத்திரி ஆயா எழுந்து வந்து அண்ணன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டது. "துணியை உருவுறதுக்கு ஒரு பெல்ட்டா?" அவ்வளவுதான் கேட்டது. ஜெயிக்கிறவருக்குத் தரும் சாம்பியன் பெல்ட்டைத்தான் சொன்னது. நெற்றியெல்லாம் ரத்தம் வழிகிற ஆம்பளைச் சண்டையைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை இடித்த அதே ஆயா.

அது ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கூத்தில் துகில் உரிகிற இடம் வரும்போது எங்கள் ஊரில் சூடம் காட்டுவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டினவர் சேலையில் கை வைக்கும் முன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். திரௌபதி வேஷத்தில் இருப்பது ஆம்பளைதான், ஆனாலும் கேட்பார். கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது. பாரதப் போர் முடிகிற படுகளத்தன்று மண்ணால் துரியோதனன் உருவத்தைப் பெரிதாகச் செய்து படுக்கவைத்து, தொடையைப் பிளந்து, அந்த ரத்தத்தைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். உருவினவனுக்கு என்ன கதி என்று கூத்துக்குத் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். டிவியில் உருவினவளுக்குக் கைதட்டல், பார்த்தவனுக்கு விசில். ரெண்டும் நடிப்புதான். கதை நம்மை யார் பக்கம் உட்காரவைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

2001 மார்ச்சில் மல்யுத்தக்காரி டிரிஷ் ஸ்ட்ராடஸை அரங்கத்தின் நடுவில் மண்டியிட வைத்து, நாய்மாதிரி குரைக்கச் சொல்லி, துணியைக் கழற்றச் சொன்னார் முதலாளி வின்ஸ் மெக்மாஹன். அதை நான் வளர்ந்தபிறகு கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். கதைப்படி அவர் வில்லன். சில வாரத்தில், வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் டிரிஷ் அவரை ஓங்கி அறைந்தார். சபதம் நிறைவேறியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த அறைக்கு ஒரு நொடி, குரைத்த காட்சிக்கு எத்தனை நிமிடம்! சூடம் காட்டினவர் யாருமில்லை.

அதே டிரிஷ், இன்னொரு மல்யுத்தக்காரி லிட்டாவோடு 2004 டிசம்பரில் வாராவாரம் வரும் ரா நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம் ஆடினார். கடைசி ஆட்டம் என்றால் அன்றைக்கு அதுதான் பெரியது. லிட்டா கயிற்றுக்கு இடையே வெளியே பாய்ந்தபோது தலை கீழாகத் தரையில் போய் விழுந்தார். கழுத்து மடங்கியது. ஆயா "ஐயோ பொண்ணே" என்று எழுந்தே நின்றுவிட்டது. லிட்டா எழுந்து வந்து ஆடி, ஜெயித்தார். அன்று ரிமோட்டை யாரும் தொடவில்லை. அந்த மாசக் கடைசியில் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்துச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார்கள். டிவி பல வாரம் மூடியே கிடந்தது.

லாஸ்பேட்டைக்காரன்:

வணக்கம் தோழி. நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். மல்யுத்தக்காரர் படம் போட்ட டிரம்ப் கார்டில் உயரம், எடை, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த கூட்டம் நாங்கள். பெண்கள் ஆட்டம் வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவோம், இல்லை வேறு காரணத்துக்காக உட்கார்ந்திருப்போம். 2015இல் ஒரு பெண்கள் ஆட்டத்தை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் இணையத்தில் சண்டைக்கு வந்தபோதுதான், நாம் தண்ணீர் குடிக்கப் போன நேரமே இதைவிட அதிகமாச்சே என்று உறைத்தது. மறுவருஷம் பெண் ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்த 'டீவா' என்ற பேரையும் அவர்களுக்கான பட்டாம்பூச்சி பெல்ட்டையும் தூக்கிவிட்டார்கள்.

2019 ஏப்ரல், ரெஸில்மேனியா 35. ரெஸில்மேனியாவில் முதல்முறையாகப் பெண்கள் ஆட்டம்தான் கடைசி ஆட்டம்: பெக்கி லின்ச், ரோண்டா ரௌசி, சார்லட் ஃப்ளேர். நமக்கு அது திங்கள் காலை. மணி ஒன்பது தாண்டியும் முடியவில்லை. மகளுக்கு ஒன்பது வயது, யூனிபார்ம் போட்டு, ஒரு சடை பின்னி, இன்னொரு பக்கம் பின்னாமல் நிற்கிறாள். கையில் கடித்த இட்லி. "இவ்ளோ நேரம் பார்த்துட்டு இப்ப போகச் சொல்றியாப்பா?" பள்ளிக்கூடம் போகவே இல்லை. பெக்கி ஜெயித்ததும் குதிப்பாள் என்று பார்த்தால் முறைக்கிறாள். "அப்பா, ரோண்டா தோள் தூக்கிடுச்சு! மூணு எண்ணக் கூடாது!" எதிராளியின் ரெண்டு தோளும் தரையில் பட்டிருக்க நடுவர் மூணு எண்ணினால்தான் ஜெயம். உண்மைதான், தூக்கியிருந்தது. மகள் இன்றுவரை அந்த நடுவரை மன்னிக்கவில்லை. பெண்கள் முதன்முறை வந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குச் செய்தியே இல்லை. தப்பாக எண்ணிவிட்டார்கள், அதுதான் அவள் கவலை.

பி.டி. டீச்சர்:

நான் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் கால்பந்துப் பிள்ளைகளோடு பல வருஷம் நின்றவள். 2017இல் ஹரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி டபிள்யூ.டபிள்யூ.இ. மேடையில் சல்வார் கமீஸில் இறங்கினாரே, அந்த வீடியோவை எனக்கு ஒரே நாளில் நாலு ஆண்கள் அனுப்பினார்கள். "நம்ம கலாச்சாரம்" என்று கூடவே கைகூப்பும் பொம்மை. பளுதூக்குதலில் பதக்கம் வாங்கியவர் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்ததைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆட்டத்தில் அவர் தோற்றதும்கூட அந்த நாலு பேருக்குத் தெரியுமா என்று சந்தேகம்.

என் பிள்ளைகளிடம் அதைப் போட்டுக் காட்டினேன். கோல்கீப்பர் பெண் கேட்டாள்: "டீச்சர், துப்பட்டா இல்லாம நல்லா தூக்குறாங்க. எங்க தெருவுல நான் ஷார்ட்ஸ்ல நடந்தா மட்டும் ஏன் கேக்குறாங்க?" கழற்றச் சொல்லி விசிலடிப்பதும், மூடிக்கொண்டாள் என்று கைதட்டுவதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. ரெண்டிலும் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

முதுநகர் மருமகள்:

எல்லாம் சரி. காசு யாருக்குப் போகிறது? 2024 ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் மெக்மாஹன் மேல் பாலியல் வன்கொடுமை என்று வழக்குப் போட்டார், அவர் மறுத்தார், பதவியிலிருந்து விலகினார். அப்புறமும் நாம் சந்தா கட்டுகிறோம். ஆயா இருந்தால் என்ன செய்திருப்பார்?

கெடிலக்கரை:

அக்கா, நீங்கள் கேட்டது கீழ்வீட்டு அக்கா கேட்டதைவிடக் கஷ்டம். அந்தச் செய்தி வந்தபோது மூன்று மாதம் பார்க்காமல் இருந்தேன். அப்புறம் பியாங்கா பெலேர் ஆட்டம் ஒன்று வந்தது, உட்கார்ந்துவிட்டேன். விரதம் முறிந்ததற்கு நியாயம் சொல்ல வரவில்லை. நிஜ மல்யுத்தத்துக்குப் போய்விடலாம், அதாவது சுத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. 2023இல் பாலியல் புகாருக்கு நியாயம் கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் சாக்‌ஷி மாலிக்கையும் வினேஷ் போகட்டையும் டெல்லித் தெருவில் போலீஸ் இழுத்துப்போனதை நாம் எல்லாரும்தான் பார்த்தோம்.

ஆயா இருந்தால் ரிமோட் அதன் கையில்தான் இருக்கும். எந்த இடத்தில் அணைக்கும், எந்த இடத்தில் விடும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். டீச்சர் சொன்ன கோல்கீப்பர் பெண்ணை எனக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நேற்று ராத்திரி கதவு தட்டிய சத்தம். கீழ்வீட்டு அக்கா, கையில் ஒரு கிண்ணத்தில் அவித்த வேர்க்கடலை. "சத்தம் தாங்கல, என்னதான் நடக்குதுன்னு பார்த்துட்டுப் போறேன்" என்று பாயில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து, ஆரஞ்சு முடிக்காரியைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "இவ நல்லவளா, கெட்டவளா?"