தரையைத் தோண்டாமல் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்தவர்கள் உண்டா? எங்கள் வீட்டில் நடந்தது இது

பழையவீடு:

மூன்று மாதங்களாக எங்கள் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால், தரை ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) பெரிதாக ஓர் ஏப்பம் விட்ட பிறகுதான் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிளம்பர் வருவார், கம்பி விடுவார், கைப்பிடி அளவு வேர் வெளியே வரும், தண்ணீர் ஓடும். ஆறு வாரத்தில் மறுபடியும் ஏப்பம். நான்காவது முறை வந்தபோது அவருக்கே அலுத்துவிட்டது. "நான் வேருக்கு முடிதான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே வர வழி இருப்பதால்தானே வருகிறது? கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள், சார்" என்றார்.

பார்த்தோம். 100 மி.மீ. சுட்ட மண் குழாய், ஒவ்வொரு மூட்டிலும் சிமென்ட் பூச்சு. 14 மீட்டர் நீளத்தில் ஐந்து மூட்டுகளில் வேர் தாடி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது மீட்டரில் நீளவாக்கில் ஒரு விரிசல், அதன் தலைப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து மண் தெரிந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் எங்கள் முன்னறை. தோண்டுவதென்றால் டைல்ஸ், அதன் கீழே கான்கிரீட், அதற்கும் கீழே ஒரு மீட்டர் மண். வீட்டில் இதைச் சொன்னதும் விழுந்த மௌனத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் ஒளியால் இறுகும் லைனர் பற்றிக் கேள்விப்பட்டேன். பிசினில் ஊறிய துணிக்குழல் ஒன்றைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றழுத்தத்தால் சுவரோடு ஒட்டவைத்து, உள்ளே ஒரு விளக்கை இழுத்துச் செல்கிறார்கள். விளக்கு கடந்துபோன இடமெல்லாம் பிசின் கல்லாகிறது. பழைய குழாய்க்குள் புதுக் குழாய். சொத்தைப் பல்லை அடைத்த பிறகு பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டுவாரே, சங்கதி அதேதான். பிசினில் கலந்திருக்கும் ஒரு பொருள் அந்த ஒளி பட்டதும் விழித்துக்கொண்டு இறுகலைத் தொடங்கிவைக்கிறது. ஒளி படாதவரை அது பசையாகவே கிடக்கும்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. காலையில் ஏழு மணி முதல் குழாயைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மதியம் வரை வெறும் சுத்தம்தான்: உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுவது, வேரை வெட்டுவது, கேமரா விடுவது, மறுபடியும் பீய்ச்சுவது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர்களுக்குப் போகவில்லை.

பிறகு கறுப்புப் பைக்குள்ளிருந்து லைனரை எடுத்தார்கள். வெயில் படாமல் கூடாரம் போட்டிருந்தார்கள். ஓர் உருளைத் தொட்டிக்குள் அதைச் சுருட்டி வைத்து, முனையை வாயில் மடித்துக் கட்டி, காற்றைத் திறந்தார்கள். காலுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே புரளுமே, அப்படிப் புரண்டு புரண்டு அது குழாய்க்குள் நகர்ந்தது. பிசின் இருந்த பக்கம் பழைய குழாயின் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. அடுத்து விளக்கு. சோளக்கதிர் அளவுதான் இருக்கும், சுற்றிலும் எல்இடி. அதைக் கடைசிவரை தள்ளிவிட்டு, ஒரே வேகத்தில் பின்னால் இழுத்தது இயந்திரம். ஆய்வுக் குழியை எட்டிப் பார்த்தேன், குழாயின் வாய் முழுக்க நீலம். 14 மீட்டருக்கு இருபது நிமிடம்.

முடிவில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார்கள். காலையில் ஈரத்துணியாக இருந்தது இப்போது கெட்டி வளையல். கதவில் தட்டினால் மரக்கட்டை போல ஒலிக்கிறது. பதினான்கு மாதங்கள் ஆகின்றன, ஏப்பம் இல்லை.

மற்றவர்கள் பட்டதையும் சொல்லுங்கள். நல்லது மட்டும் வேண்டாம்.

மாடிப்படி:

நல்லது மட்டும் வேண்டாம் என்றதால் துணிந்து எழுதுகிறேன், அண்ணா. எங்கள் வீட்டிலும் இதே லைனர் போட்டோம். போட்ட இரண்டாவது மாதம் பழைய இடத்திலேயே அடைப்பு.

ஒட்டியது சரியாக ஒட்டியிருந்தது, விரிசல் மூடியிருந்தது, வேரும் இல்லை. ஆனால் எங்கள் குழாயின் கோளாறு விரிசல் இல்லை, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. அடியில் மண் இறங்கியதால் நடுவில் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் குழாய் தொட்டில் மாதிரி தொய்ந்திருக்கிறது. கனமானதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய குழாய் எந்த வடிவத்தில் கிடக்கிறதோ அந்த வடிவத்தில்தான் லைனரும் இறுகும். எங்கள் தொய்வை நாங்களே காசு கொடுத்துப் பளபளப்பாக்கி நிரந்தரமாக்கிக்கொண்டோம்.

வந்தவர்கள் காட்டிய கேமராப் படத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். கேமரா ஒரு கட்டத்தில் தண்ணீருக்குள் மூழ்கி, கொஞ்ச தூரம் கழித்து மேலே வருகிறது. "அடைப்புத் தண்ணீர், சுத்தம் செய்தால் போய்விடும்" என்றார்கள். சுத்தம் செய்த பிறகு மறுபடியும் கேமரா விட்டுக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களும் காட்டவில்லை. கடைசியில் அந்த இரண்டு மீட்டரைத் தோண்டித்தான் எடுத்தோம். புது லைனரையும் சேர்த்து அறுக்க வேண்டியிருந்தது. அறுத்தவர் "ரொம்ப உறுதியாக இருக்கிறதம்மா" என்று வியந்தபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நீலவிளக்கு:

இந்த வேலையில் ஒன்பது வருடங்களாக இருக்கிறேன். மாடிப்படி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தொய்ந்த குழாய், முழுக்க நொறுங்கி உட்கார்ந்த குழாய், முட்டை மாதிரி நசுங்கிய குழாய் இவற்றுக்கெல்லாம் லைனர் மருந்து கிடையாது. வட்டம் இருக்க வேண்டும், வழி இருக்க வேண்டும். ஓட்டையும் விரிசலும் மூட்டுக் கசிவும் எங்களுக்குப் பெரிய விஷயமில்லை.

இப்போது என் பங்குக்கு ஒரு வெட்கக்கேடு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் பிரதான குழாய்க்கு லைனர் போட்டோம். அழகாக வந்தது. மறுநாள் காலை போன்: சமையலறைத் தொட்டியில் சலவை இயந்திரத்தின் நுரை பொங்குகிறதாம். பக்கவாட்டில் வந்து சேரும் கிளைக் குழாய் ஒன்றை நாங்கள் குறித்துக்கொள்ளவே இல்லை. லைனர் அதன் வாயைச் சீல் வைத்ததுபோல மூடிவிட்டது. துணிக்கு எங்கே கிளை இருக்கிறது என்று தெரியுமா? நாம்தான் இத்தனையாவது மீட்டரில், இந்தப் பக்கம் என்று முன்பே எழுதிவைத்து, இறுகிய பிறகு சின்ன வெட்டுக்கருவியை உள்ளே அனுப்பித் திறந்துவிட வேண்டும். அன்றிலிருந்து லைனரைத் தொடுவதற்கு முன்னால் வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கேமராவில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

விளக்கு எதற்கு, இரண்டு பாகங்களைக் கலந்தால் தானே இறுகும் சாதாரண எப்பாக்சி பிசின் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதும், நல்ல வேலையும் செய்யலாம். ஆனால் இரண்டு பாகங்களையும் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஒருமுறை கோடையில் லைனர் வளைவில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கப் போராடிக்கொண்டிருந்தபோதே, வாளியில் மிச்சமிருந்த எப்பாக்சி சூடேறிப் புகைய ஆரம்பித்தது. குழாய்க்குள்ளும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்த அந்த நிமிடத்தை மறக்க முடியாது. ஒளியால் இறுகும் பிசினில் அந்த அவசரம் இல்லை. சிக்கினால் வெளியே எடுக்கலாம், கேமராவில் பார்த்துச் சுருக்கத்தை நீக்கலாம், திருப்தியான பிறகு விளக்கைப் போடலாம்.

அதற்காக விளக்குக்குக் கோபமே வராது என்று நினைக்க வேண்டாம். வேகமாக இழுத்தால் வெளிப்பக்கம் பச்சையாக நின்றுவிடும், மெதுவாக இழுத்தால் கருகும். நிலத்தடி நீர் மூட்டு வழியாகக் கசிந்துகொண்டிருந்தால் இறுகுவதற்குள் பிசினைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் வெளியுறை ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் லைனரை அனுப்புவோம். பழைய வார்ப்பிரும்புக் குழாய் என்றால் துருக்கட்டியைச் சங்கிலி சுழற்றி உரிக்கவே அரை நாள் போகும். பழையவீடு சாருக்குப் பொறுமை போனதே, அந்த நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்றல்:

எனக்கு லைனரோடு பகை இல்லை, நாற்றத்தோடுதான். பக்கத்து வீட்டில் இந்த வேலை நடந்த அன்று எங்கள் வீட்டில் யாரோ பிளாஸ்டிக்கையும் பசையையும் சேர்த்துக் காய்ச்சுவது போல வாடை. குழந்தைக்குத் தலைவலி. நாங்கள் எதுவும் செய்யவில்லையே என்று வீடு முழுக்கத் தேடினேன்.

விசாரித்ததில் தெரிந்தது: சிலவகைப் பிசினில் ஸ்டைரீன் என்ற நெடியடிக்கும் ரசாயனம் இருக்கிறது. அதன் ஆவி கழிவுநீர்க் குழாய் வழியாகவே ஊர்ந்து வரும். எல்லா ட்ராப்பிலும் தண்ணீர் நின்றால் அதுவே பூட்டு. எங்கள் விருந்தினர் அறைக் குளியலறையை யாரும் பயன்படுத்துவதில்லை, ட்ராப் வறண்டு கிடந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்ததும் மாலைக்குள் அடங்கிவிட்டது. ஸ்டைரீன் இல்லாத பிசினும் இருக்கிறதாம். உங்கள் வீட்டில் போடப்போகிறீர்கள் என்றால் எது என்று கேளுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சந்தேகி:

எல்லாம் சரி. ஏற்கெனவே 100 மி.மீ. குழாய். அதற்குள் இன்னொரு குழாயைத் திணித்தால் வழி குறுகாதா? ஊதா விளக்கு, ஏதோ ரசாயனம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். நேற்று வந்த தொழில்நுட்பத்தை நம்பி நடுக்கூடத்துக் குழாயை ஒப்படைப்பதா?

மட்டப்பலகை:

ஐயா, நான் சிவில் பொறியாளன், கணக்கை மட்டும் சொல்கிறேன். லைனரின் தடிமன் 3 மி.மீ. என்று வைத்தால் உள்விட்டம் 94 மி.மீ. ஆகிறது. பரப்பில் ஏறத்தாழ 12 சதவீதம் போய்விடும். ஆனால் பழைய மண் குழாயின் சுவர் சொரசொரப்பு, மூட்டுக்கு மூட்டு ஒரு படி. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடும் மானிங் சூத்திரத்தில், சொரசொரப்புக்கான எண்ணாக அதற்கு 0.013 என்றும் வழுவழுப்பான லைனருக்கு 0.010 என்றும் போட்டால், குறுகியதால் இழந்தது வழுக்கலால் திரும்பக் கிடைத்து, கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. வாட்டம் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. இந்த அளவுக் குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் இருந்தால் எனக்கு நிம்மதி.

நேற்று வந்த தொழில்நுட்பமும் இல்லை. துணிக்குழலில் பிசின் ஊற்றிக் குழாய்க்குள் இறுகவைக்கும் முறையை எரிக் வுட் என்பவர் 1971-இல் லண்டனில் ஒரு பழைய சாக்கடையில் செய்து காட்டிவிட்டார். அப்போது ஒளி இல்லை. ஒளி பின்னால் வந்து, முதலில் தெருவடிப் பெருங்குழாய்களில் புழங்கியது. வளைவு நெளிவுள்ள வீட்டுக் குழாய்க்குள் நுழையுமளவுக்கு விளக்கு சிறுத்தது எல்இடி வந்த பிறகுதான். ஐம்பது வருடம் உழைக்கும் என்று விற்பவர்கள் சொல்வது வடிவமைப்புக் கணக்கு. எழுத்தில் என்ன உத்தரவாதம் தருகிறார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப் 1216, ஐஎஸ்ஓ 11296-4 போன்ற தரங்களில் எதன்படி செய்கிறீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். எண்ணைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கே பாதி விடையைத் தந்துவிடும்.

பழையவீடு, உங்களிடம் அந்த வளையல் இன்னும் இருக்கிறதா? தடிமன் அளந்து சொல்ல முடியுமா?

பழையவீடு:

இருக்கிறது. பேனா வைக்கப் பயன்படுத்துகிறேன், குழாய்க்குள் போகாத முனை என்பதால் வீட்டில் அனுமதி கிடைத்தது. அளந்துவிட்டேன்: மூன்று இடத்தில் சரியாக 3 மி.மீ., தையல் வரும் பக்கத்தில் மட்டும் நான்கை எட்டுகிறது.

மாடிப்படி அவர்கள் எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே பிளம்பரை அழைத்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது வடிய நேரம் கொடுத்து, பிறகு கேமரா விடச் சொன்னேன். ஐந்து மூட்டும் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. சில்லு பெயர்ந்த இடம் ஒரு மெல்லிய நிழலாக மட்டும் தெரிகிறது. பதினோராவது மீட்டரில் கேமராவின் கீழ்விளிம்பு தண்ணீரைத் தொட்டது. சுமார் ஒரு விரல் ஆழம், ஒரு முழ நீளம். பழைய படத்தை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே இடத்தில் அதே தண்ணீர், வேர்த்தாடிக்குப் பின்னால்.

பிளம்பர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இருந்தால் ஓடிவிடும் சார்" என்றார். அடுத்த வருடம் இதே நாளில் மறுபடியும் கேமரா விடலாம் என்று அவரே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.