இழைமணி டி.என்.ஏ.: கலம் பார்ப்பது எண்ணிக்கையையா, தரத்தையா?

கொக்குவில் உயிரியல்:
உயர்தர வகுப்பில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: கலத்துக்குச் சக்தி தரும் சிறு உறுப்பான இழைமணிக்குள் இருக்கும் டி.என்.ஏ.யைக் கலம் எப்படிப் பேணுகிறது? நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: கலம் தரத்தைப் பேணுவதில்லை, எண்ணிக்கையைப் பேணுகிறது. மனிதரில் இது 16,569 மூலச்சோடி கொண்ட சின்ன வளையம். 37 பரம்பரையலகுகள், அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் என்ற புரதம் இல்லை. கலத்தின் கருவில், புறஊதாக்கதிர் பட்டுக் கெட்ட துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்யும் திருத்த முறை ஒன்று இருக்கிறது, அதுவும் இங்கே இல்லை. பதிலாக ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் பிரதிகள். சிலது கெட்டாலும் மிச்சம் வேலையைப் பார்க்கும். வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மருத்துவபீட மாணவி, திருநெல்வேலி:
சேர், ஹிஸ்டோன் இல்லை என்பது சரி. ஆனால் அந்த இடத்தை ரிஃபாம் என்ற புரதம் பிடித்திருக்கிறது. ஒரு ரிஃபாம் மூலக்கூறு டி.என்.ஏ.யில் ஒட்டினால் அந்த இழை கொண்டை ஊசி மாதிரி வளைந்து வந்த திசைக்கே திரும்பும். ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மூலக்கூறுகள் இப்படி ஒட்டுகின்றன. நேராக விரித்தால் ஐந்தரை மைக்ரோமீற்றருக்கு மேல் நீளும் இழை, பத்தில் ஒரு மைக்ரோமீற்றர் அகலமுள்ள பொட்டலமாகச் சுருங்கிவிடுகிறது. 2011இல் மீநுண் தெளிவு நுணுக்குக்காட்டியால் எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலான பொட்டலங்களில் ஒரேயொரு வளையம்தான் இருந்தது. இந்தப் பொட்டலத்துக்குப் பெயர் நியூக்கிளியொயிட்டு.

நீங்கள் சொல்லும் எண்ணிக்கையையும் இதே ரிஃபாம்தான் ஆள்கிறது. எலியில் அதன் பரம்பரையலகுப் பிரதி இரண்டில் ஒன்றை எடுத்தால் இழைமணி டி.என்.ஏ. குறைகிறது. இரண்டையும் எடுத்தால் குட்டி கருவிலேயே இறந்துவிடுகிறது. இவ்வளவு ஒழுங்காகப் பொதிந்து வைத்திருப்பதைக் கவனிப்பாரற்றது என்று எப்படிச் சொல்வது?

கொக்குவில் உயிரியல்:
பிள்ளை, நல்லாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் காட்டியதெல்லாம் பொதியலும் எண்ணிக்கையும். என் கட்சிக்குத்தான் அது பலம். கெட்ட வளையத்தையும் நல்ல வளையத்தையும் ரிஃபாம் ஒரே மாதிரித்தான் பொதிகிறது. தரம் எங்கே?

மருத்துவபீட மாணவி, திருநெல்வேலி:
பிரதி எடுக்கும் பொலிமரேசு காமா என்ற நொதியம் தான் எழுதியதைத் தானே சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்க்கும் பகுதியை மட்டும் கெடுத்த எலிகளை 2004இல் உருவாக்கினார்கள். விகாரங்கள், அதாவது டி.என்.ஏ.யில் எழுத்து மாற்றங்கள், குவிந்தன. மயிர் உதிர்ந்தது, எலும்பு தேய்ந்தது, எலிகள் சீக்கிரமே செத்தன. கெட்ட மூலத்தை, அதாவது ஓர் எழுத்தை, மட்டும் மாற்றும் திருத்தமும் இழைமணியில் உண்டு. இரு இழையும் அறுந்த வளையத்தை ஒட்டிப் பார்க்காமல், சில மணித்தியாலத்துக்குள் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது கலம். கெட்டதைக் குப்பையில் போடுவது தரக் கட்டுப்பாடு இல்லையா?

ஆய்வுகூடம், உரும்பிராய்:
குறுக்கே வருகிறேன். இழைமணி டி.என்.ஏ.யின் 3243ஆம் இடத்தில் ஏ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஜி வரும் விகாரத்தைப் பாருங்கள். பக்கவாதம் போன்ற தாக்கம், நீரிழிவு, செவிடு எல்லாம் அதனால் வரலாம். ஒரே ஆளின் உடம்பில் நல்ல வளையமும் கெட்ட வளையமும் கலந்திருக்கும். வயது போகப் போக இரத்தத்தில் கெட்டதன் பங்கு குறைந்துகொண்டே வரும், தசையில் அப்படிக் குறையாது. அதனால் வயதான ஒருவரின் இரத்தத்தில் காணவில்லை என்றதும் நோய் இல்லையென்று எழுதிவிட முடியாது. சிறுநீர்க் கலங்களையோ தசையையோ பார்க்க வேண்டும். இதை இங்கே உரத்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு குடும்பம் வருடக்கணக்கில் விடை தெரியாமல் அலைவது இப்படியான இடத்தில்தான்.

கொக்குவில் உயிரியல்:
நன்றி, இது எனக்கு மிக வேண்டிய தகவல். இரத்தத்தில் கெட்டது குறைவதற்குக் காரணம் கலங்கள் ஓயாமல் பிரிவதுதான். கெட்டது கூடிய மூலக் கலங்கள் பின்தங்கிவிடுகின்றன. வடிகட்டப்படுவது கலம்தான், கலத்துக்குள் இருக்கும் வளையம் அல்ல. தசை நார் பிரியாது, அதனால் அங்கே எதுவும் நடப்பதில்லை. சரிபார்க்கும் பொலிமரேசைப் பற்றியும் ஒன்று: பிழை விழாமல் எழுதுவது வேறு, விழுந்த பிழையைத் தேடிக் களைவது வேறு. அறுந்த வளையம் கலத்துக்குத் தெரிகிறது. ஓர் எழுத்து மட்டும் மாறிய வளையம் தெரிகிறதா?

மருத்துவபீட மாணவி, திருநெல்வேலி:
தாய்வழியில் தெரிகிறது, சேர். அதே விகார எலிகளின் பெண் வழிச் சந்ததியை 2008இல் தொடர்ந்து பார்த்தார்கள். புரதத்தைக் குழப்பும் மாற்றங்கள் சில தலைமுறைக்குள்ளேயே வடிந்துவிட்டன, புரதத்தைத் தொடாத மாற்றங்கள் தங்கின. யாழ்ப்பாணக் குடாநாட்டில் விதை வெங்காயத்தைத் தெரிந்தெடுத்துக் கட்டித் தூக்குகிறவர்கள், கறிக்கு வெட்டுகிற வெங்காயத்துக்கு அந்தப் பாடு படுவதில்லை. முட்டைக்கும் தசைக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த தலைமுறைக்குப் போவதில் கலம் கண்டிப்பாக இருக்கிறது.

இன்னொன்று. பிரதி எடுப்பது கண்ட இடத்திலும் நடப்பதில்லை. கலத்துக்குள் விரிந்திருக்கும் மென்சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலை இழைமணியைத் தொடும் இடங்களில் பிரதி எடுப்பு நடப்பதையும், பிறகு அங்கேயே இழைமணி பிரிந்து இரு பக்கத்துக்கும் வளையம் போவதையும் 2016இல் காட்டினார்கள்.

கொக்குவில் உயிரியல்:
பங்கிடும் ஒழுங்கை ஏற்கிறேன், தாய்வழி வடிகட்டலையும் ஏற்கிறேன். இரண்டையும் இனி வகுப்பில் சொல்லுவேன். ஆனால் முதிய தசை நார்களில் ஒரு துண்டு இழந்த வளையம் ஒன்று பெருகிப் பெருகி அந்த நாரையே நிரப்புவதைப் பலர் காட்டியிருக்கிறார்கள். தரம் பார்க்கும் கலம் அதைத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதை விளக்கும்வரை தசையைப் பொறுத்த என் நிலை மாறாது.

மருத்துவபீட மாணவி, திருநெல்வேலி:
நியாயமான கேள்வி. ஒரு நாருக்குள் பல வளையங்கள் ஒன்றுக்கொன்று ஈடு கொடுப்பதால், கெட்டதன் பங்கு பொதுவாக 60 வீதத்தைத் தாண்டும்வரை கலச் சுவாசக் குறைபாடு, அதாவது சக்தி உண்டாக்குவதில் வரும் குறை, வெளியே தெரிவதில்லை. குறைபாடே தெரியாதபோது கலம் எதைப் பார்த்து வடிகட்டும்? எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருப்பதே தரம் பார்க்கும் கண்ணை மறைக்கிறது. தசையில் அது பார்க்காமல் இருக்கவில்லை, பிந்திப் பார்க்கிறது. என் வாதம் இதுதான்.