ஒரு பாளத்தைச் சரிசெய்கிறார்கள், அடுத்ததை விட்டுவிடுகிறார்கள்: சிறு நகரத்தில் நடைபாதைப் பணி எந்த வரிசையில் நடக்கிறது?

நடந்துபோகிறவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வசிப்பது ஒரு சிறிய நகரம். எங்கள் தெரு நடைபாதையில் ஒரு மரத்தருகே உள்ள கான்கிரீட் பாளம், அடுத்த பாளத்தைவிட ஏறக்குறைய இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. சென்ற ஆண்டு நகர நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, வெள்ளைச் சாயத்தால் அதன்மேல் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். அம்புக்குறி மழையில் கரைந்துவிட்டது, பாளம் மட்டும் அசையவில்லை. ஆனால் அதே தெருவில் ஒன்பது வீடுகள் தள்ளி, வெறும் கீறல் விட்டிருந்த ஒரு பாளத்தை உடைத்து எடுத்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

விசாரித்தால், ஒரு மேசையில் “அது வீட்டுக்காரர் பொறுப்பு” என்கிறார்கள், அடுத்த மேசையில் “பட்டியலில் இருக்கிறது” என்கிறார்கள். இதற்கிடையில் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டு, இரண்டே மாதத்தில் குழாய்க்காக அதை வெட்டியும் விட்டார்கள். குறைசொல்வதற்காக நான் இதைக் கேட்கவில்லை. சில ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொதுப்பணிப் பிரிவு, எதை முதலில் செய்வது என்று உண்மையில் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (மறுமொழி)

இத்தகைய ஒரு பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான சிறு நகரங்களில் நடைபாதைக்கென்று தனி ஆட்கள் இருப்பதில்லை. காலையில் சாலைப் பள்ளத்தை அடைத்தவர்களே மதியம் அடைபட்ட மழைநீர் வடிகாலைத் திறக்க வேண்டும், மாலையில் சாய்ந்த பெயர்ப் பலகையை நிமிர்த்த வேண்டும். அவசரம் என்று ஒன்று வந்தால் முதலில் தள்ளிவைக்கப்படுவது நடைபாதைதான்.

உங்கள் தெருவில் ஏன் ஒரே ஒரு பாளத்துக்காக வரவில்லை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1.5 மீட்டர் நீள அகலமும் 10 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு பாளத்துக்கு வேண்டிய கான்கிரீட் கால் கன மீட்டர்கூட இல்லை. கலவை லாரி ஒன்று ஏற்றிவருவதோ ஏறத்தாழ 6 கன மீட்டர், அதாவது இருபத்தாறு பாளங்களுக்குப் போதுமான அளவு. கலந்தபின் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதைக் கொட்டி முடிப்பது வழக்கம். ஆகவே அருகருகே இருபது, இருபத்தைந்து பாளங்கள் சேரும்வரை எந்த ஒப்பந்தக்காரரும் வர விரும்பமாட்டார். சாயம் பூசியவர் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் பாளம் துணைக்கு ஆள் சேரட்டும் என்று காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது வீடு தள்ளிப் போட்ட பாளம் நடைபாதைப் பணியாகவே இருந்திருக்காது என்பது என் ஊகம். குடிநீர் இணைப்புக்காகத் தோண்டியவர்கள், தோண்டிய இடத்தைத் தங்கள் கணக்கில் மூடிக்கொடுத்திருப்பார்கள்.

சாலைக்கும் நடைபாதைக்கும் வரிசை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சாலைகளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் ஒரு முறை உண்டு. 1970களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கிய அந்த முறையைப் பல நகரங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அதன்படி பார்த்தால், ஓரளவு நன்றாக இருக்கும் சாலையை முதலில் பராமரிப்பதே சிக்கனம், ஏனென்றால் முற்றிலும் பாழான சாலை இன்னும் இரண்டு ஆண்டு காத்திருந்தாலும் செலவு பெரிதாகக் கூடிவிடாது. நடைபாதையில் இந்த அறிவு செல்லாது. அங்கே கெட்டுப்போன பாளம் என்றால் ஒருவர் கால் இடறி விழும் இடம் என்று பொருள், எனவே மோசமானதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

தார் போட்டவுடன் வெட்டியதற்கு நியாயம் கிடையாது. குழாய்ப் பிரிவும் சாலைப் பிரிவும் ஐந்தாண்டுத் திட்டத்தை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. புதுச் சாலையைச் சில ஆண்டுகளுக்கு வெட்டக்கூடாது என்று விதி வைத்திருக்கும் நகரங்கள் பல உண்டு. உடைந்த குழாய்க்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

சட்டம் படித்தவர் (மறுமொழி)

“வீட்டுக்காரர் பொறுப்பா, நகரம் பொறுப்பா” என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விடை இல்லை. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு பராமரிப்புக் கடமையைச் சாலை நிர்வாகத்தின் மீது வைக்கிறது. விழுந்தவர் வழக்குத் தொடுத்தால், முறையான இடைவெளியில் ஆய்வு செய்தோம், நியாயமான அக்கறை எடுத்தோம் என்று காட்டித் தப்புவதற்கு 58ஆம் பிரிவு வழிவிடுகிறது. அப்போது ஆய்வுப் பதிவேடுதான் நிர்வாகத்தின் கவசம். பதிவேடு இல்லாத நகரம் வெறுங்கையோடு நீதிமன்றத்தில் நிற்கும்.

அமெரிக்காவில் பல ஊர்களில் நிலை இதற்கு நேர்மாறு. வீட்டின் முன்னால் உள்ள நடைபாதையை வீட்டு உரிமையாளரே பழுதுபார்க்க வேண்டும். நியூயார்க் நகரம் 2003இல் விபத்துப் பொறுப்பையும் உரிமையாளர்கள்மேல் மாற்றியது, உரிமையாளர் தாமே குடியிருக்கும் சிறு வீடுகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதற்கு முன்னால் நடந்த கதை சுவையானது. பழுதைப் பற்றி எழுத்தில் முன்னறிவிப்பு வந்திருந்தால்தான் நகரம் பொறுப்பாகும் என்று 1979இல் சட்டம் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தையே தொடங்கி, நடைபாதைகளை நடந்தே ஆராய்ந்து, பழுதுகளை வரைபடத்தில் குறித்து, கட்டுக்கட்டாக நகரத்திடம் கொடுத்துவிட்டார்கள்! நகரம் தானே செய்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை எதிர்த்தரப்பு செய்துகொடுத்தது.

சிறு நகரத்துக்குப் பொருந்தும் முன்மாதிரி என்றால், நியூயார்க் மாநிலத்திலேயே உள்ள இத்தாக்காவைச் சொல்வேன். அங்கும் முன்பு ஒவ்வொரு உரிமையாளரும் தன் வாசலைத் தானே சரிசெய்ய வேண்டியிருந்தது. பின்னர் ஊரை ஐந்து நடைபாதை வட்டாரங்களாகப் பிரித்து, எல்லாரும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, வேலையை நகரமே திட்டமிட்டுச் செய்யும் முறைக்கு மாறினார்கள். மேலே பொறியாளர் ஐயா சொன்ன லாரிக் கணக்கை நினைத்துப்பாருங்கள். தனித்தனியாக ஒவ்வொருவரும் கால் கன மீட்டர் வாங்குவதற்கும், வட்டாரமாகச் சேர்ந்து லாரி லாரியாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

சக்கர நாற்காலியில் செல்பவர் (மறுமொழி)

உயர்ந்த பாளத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பக்கவாட்டுச் சரிவு. வாகனம் உள்ளே நுழைவதற்காக வாசலுக்கு வாசல் நடைபாதையைச் சாய்த்துவிடுகிறார்கள். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கோ நாற்காலி ஒவ்வொரு வாசலிலும் சாலைப் பக்கம் இழுக்கும், ஒரு கையால் மட்டும் சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தோள் வலி கண்டுவிடும். அமெரிக்க அணுகல் விதிகள் பக்கச் சரிவை 48க்கு 1 என்ற அளவுக்குமேல் அனுமதிப்பதில்லை, அது ஏறக்குறைய 2 விழுக்காடுதான். விளிம்புக்கல்லில் சரிவுப்பாதை வெட்டும் பழக்கம் ஒன்றும் புதிதல்ல, மிச்சிகனிலுள்ள கலமசூ என்ற ஊரில் 1940களிலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

புகார் வந்த வரிசையில் வேலை செய்வதை நான் ஏற்கமாட்டேன். நடைபாதை மோசமாக இருக்கும் தெருவில் என்னைப் போன்றவர்கள் போவதையே நிறுத்திவிடுகிறோம். போகாத தெருவைப் பற்றி யார் புகார் எழுதுவார்கள்? ஏட்டில் அந்தத் தெரு குறையற்றதாகத் தெரியும். ஊர் முழுவதையும் ஒருமுறை நடந்து அளந்தால்தான் இது வெளிப்படும். சிறிய ஊர் என்பதால் இரண்டு பேர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலைதான் இது. பிறகு மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்குப் போகும் வழிகளை முதலில் எடுக்கலாம்.

நடந்துபோகிறவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை அளந்துபார்த்தேன், உயரம் 32 மில்லிமீட்டர் இருக்கிறது. இந்த அளவு எந்தக் கணக்கில் வரும்? லாரி வரும்வரை தற்காலிகமாக ஏதாவது செய்ய முடியுமா? வேரை வெட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது ஆபத்தான உயரம்தான். அமெரிக்க அணுகல் விதிகளில் 6 மில்லிமீட்டருக்குமேல் போனால் விளிம்பைச் சாய்வாக்க வேண்டும், 13 மில்லிமீட்டரைத் தாண்டினால் சரிவுப்பாதையாகவே அமைக்க வேண்டும். பிரிட்டனில் பல நிர்வாகங்கள் 20 மில்லிமீட்டரையே தலையிட வேண்டிய எல்லையாக வைத்திருக்கின்றன.

தாழ்ந்த பாளமாக இருந்தால் துளையிட்டு அடியில் சிமெண்டுக் குழம்பையோ விரிந்து இறுகும் நுரையையோ செலுத்தித் தூக்கிவிடலாம். உங்களுடையது வேர் தூக்கிய பாளம் என்பதால் அது உதவாது. உயர்ந்த விளிம்பை இயந்திரத்தால் சாய்வாகச் செதுக்கலாம், ஆனால் 10 சென்டிமீட்டர் பாளத்தில் 3 சென்டிமீட்டர் போனால் மிச்சம் வலுவிழக்கும், வாகனம் ஏறும் இடமென்றால் செய்யவே கூடாது. தாழ்ந்த பக்கம் தாரை ஆப்புப்போல் சரித்துப் போடுவது அரை மணி நேர வேலை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் யாரும் விழமாட்டார்கள். எழுத்தில் அதைக் கேளுங்கள், நீங்கள் அளந்த எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

வேரை மட்டும் அவசரப்பட்டு வெட்டவிடாதீர்கள். கான்கிரீட்டுக்கு அடியில் ஈரமும் காற்றும் தங்குவதால்தான் வேர் அங்கே வருகிறது. அடிமரத்துக்கு மிக அருகில் பருமனான வேரை வெட்டினால் அடுத்த பெருங்காற்றில் மரமே நடைபாதைமேல் படுத்துவிடும். புதுப் பாளம் போடும் நாளில், இடம் இருந்தால், பாதையை மரத்தைச் சுற்றி வளைத்துப் போடச் சொல்லுங்கள்.