முளைக்கும் கால், முளைக்காத கால்

வால் அறுந்த பல்லிக்கு வால் மறுபடி முளைப்பதைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றை ஒன்றுவிடாமல் படித்தேன். அதையொட்டி நான் சொல்ல விரும்புவது, பல்லிவாலைக் காட்டிலும், சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற தோற்றமுள்ள நீர்நிலவாழ் உயிர் இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்வதற்கு நெருக்கமான ஒன்று, நம் திருநெல்வேலிச் சீமையின் நெல்வயல்களில் வாழும் தலைப்பிரட்டையிடமே இருக்கிறது என்பதுதான்.

சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. பிசானப் பருவ நெல் நடவு முடிந்து மழையும் பிடித்துக்கொண்ட சமயத்தில், மடைவாய் ஓரம் தேங்கிய தெளிந்த நீரில் தலைப்பிரட்டைகள் மொய்த்துக் கிடந்தன. அவற்றுள் ஒன்றின் வலப் பின்கால் துடுப்புப் போல விரிந்து விரல்கள் பிரியத் தொடங்கியிருக்க, இடப் பின்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் முண்டு மட்டுமே தெரிந்தது. அதே குழியில் சேற்றோடு சேறாகத் தட்டானின் நீர்வாழ் குஞ்சுகள் பதுங்கியிருந்தன. மடித்து வைத்திருக்கும் கீழ்த்தாடையைச் சட்டென நீட்டி இரையைப் பற்றும் இந்தக் குஞ்சுகள், தலைப்பிரட்டைகளின் முளைக்கும் பின்கால்களைக் கடித்துத் துண்டிப்பது ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால், இதுவும் அவற்றின் வேலையாகவே இருக்கும் என்று கருதினேன்.

அதை வயல்நீரோடும் பாசியோடும் அள்ளி வந்து, திண்ணையில் ஒரு மண்தொட்டியில் விட்டு வளர்த்தோம். முண்டின் நுனி முதலில் கண்ணாடிபோலத் தெளிந்து, பிறகு குவிந்து, அதன்பின் மெல்ல நீண்டு முழங்காலும் பாதமும் கொண்ட காலாக உருவெடுத்தது. விரல்களில் சில மட்டும் வரவில்லை. ஆனால் அதே குழியில் பின்னர் கிடைத்த, கால்கள் முற்றிலும் உருவாகிவிட்ட இன்னொரு தலைப்பிரட்டைக்கு அறுபட்ட இடம் தோல்மூடி ஆறியதே தவிர, புதிதாக எதுவும் வளரவில்லை. இரண்டு உயிர்களை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். எனினும், தவளையினங்களில் இளம் தலைப்பிரட்டைக்கு இருக்கும் இந்தத் திறன் உருமாற்றம் நெருங்க நெருங்கப் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது என்பது நெடுங்காலமாகவே அறியப்பட்ட உண்மை.

சாலமாண்டருக்கு அந்தத் திறன் வளர்ந்த பிறகும் நீங்குவதில்லை. இத்தாலிய இயற்கையியலாளர் ஸ்பல்லன்சானி 1768-லேயே இதை எழுதிவைத்தார். கால் துண்டானதும் ஒரு நாளுக்குள் சுற்றியுள்ள மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன, தழும்பு விழுவதில்லை. அந்த மூடியின் அடியில் தசை, தோல், குருத்தெலும்பு ஆகியவற்றைச் சேர்ந்த செல்கள் பிளாஸ்டிமா என்னும் மொட்டாகத் திரண்டு பெருகுகின்றன. மெக்சிகோவின் ஆக்ஸலாட்டல் என்னும் சாலமாண்டரை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு, இந்தச் செல்கள் எதுவாகவும் மாறக்கூடியவை என்ற பழைய எண்ணத்தைத் திருத்தியது. தசையிலிருந்து வந்தது தசையையே உண்டாக்குகிறது. என்னை மிகவும் வியக்கவைப்பது அவற்றின் இட நினைவுதான்: மணிக்கட்டில் வெட்டினால் உள்ளங்கையும் விரல்களும் மட்டும், தோளருகே வெட்டினால் முழுக் கையும் முளைக்கிறது. நரம்பைத் துண்டித்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்களை நீக்கினால் நம்மைப் போலவே தழும்பு விழுகிறது என்று 2013-இல் காட்டினார்கள்.

பல்லியின் புதுவாலில் முள்ளெலும்புகள் கிடையாது, ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் உண்டு. காலை இழந்த பல்லிக்கோ கால் முழுதாகத் திரும்பி வருவதில்லை. நம் பொதிகை மலையில் சாலமாண்டரைத் தேடியும் பயனில்லை, இந்தியாவில் அது டார்ஜிலிங் போன்ற கிழக்கு இமயமலைப் பகுதிகளிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் வாழ்கிறது.

தலைப்பிரட்டையைக் குறைத்து மதிக்க வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாதியும் உடன் ஆய்வாளர்களும் ஒருவகைத் தவளையின் தலைப்பிரட்டைகளில் வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தபோது, வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன. 1992-இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் அது வெளிவந்தது. இந்திய ஆய்வுக்கூடத்தில் கிடைத்த இத்தகைய முடிவு நம் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நம் மனித விரல். என் தங்கை மகளின் ஆள்காட்டி விரல் நுனி இரும்புக் கதவில் சிக்கித் துண்டானபோது, மருத்துவர் நகத்தின் அடிப்பகுதி தப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, தைத்து மூடாமல் கழுவிக் கட்டுப்போட்டு, பொறுத்துப் பார்ப்போம் என்றார். “மாமா, பல்லிவாலு மாதிரி எனக்கும் வளருமா?” என்று அவள் கேட்டாள். வளர்ந்தது. சதை திரண்டு, நகம் வந்து, நுனியின் வரிகள்கூட ஓரளவு திரும்பின. சிறு குழந்தைகளுக்கு இவ்வாறு நிகழ்வதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவர் இல்லிங்வொர்த் 1974-இல் பதிவு செய்திருக்கிறார். நகத்தடியோடு போய்விட்டால் இது நடப்பதில்லை. ஆகவே, இப்படி ஒரு விபத்து நேர்ந்தால் காப்பித்தூளையும் மஞ்சளையும் அப்பாமல், சுத்தமான ஈரத்துணியால் சுற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தைப்பதா விடுவதா என்பதை நகத்தடியைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும்.