என்ர காணி, அவற்ர கையெழுத்து: ஒல்லாந்தன் எழுதினதோ எங்கட வழமையோ?

பனங்கூடல்:
கொஞ்சம் கோவத்தில எழுதுறன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. சுன்னாகத்துப் பக்கம் இரண்டரைப் பரப்பு, அப்பா எனக்குச் சீதனமா எழுதினது. மகளின்ர படிப்புக்குக் காசு தேவை எண்டு விக்க வெளிக்கிட்டு உறுதி எழுதுற நொத்தாரிசிட்டப் போனன், மனுசன் உறுதியை விரிச்சுக்கூடப் பாக்கேல்லை, கண்ணாடிக்கு மேலால பாத்து "அவர் எங்க?" எண்டார். என்ர புருசன் கட்டார்ல. "அப்ப அவற்ர எழுத்துச் சம்மதம் வேணும் பிள்ளை, நீர் தேசவழமை ஆளெல்லே." தேசவழமை எண்டது யாழ்ப்பாணத் தமிழருக்கெண்டு இருக்கிற தனிச் சொத்துச் சட்டம்.
உறுதி என்ர பேரில, வரி நான் கட்டுறன், வருசா வருசம் வேலி அடைக்கிறதும் நான். 1707ல ஒல்லாந்தன் எழுதி வச்சதை இன்னும் சுமந்துகொண்டு திரியிறம், வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போயிட்டான் எண்டு ஆர் சொன்னது?

ரிட்டயர் கிளாக்கர்:
தங்கச்சி, கோவம் நியாயம், ஆனால் ஆளை மாத்திப் பிடிக்கிறியள். நான் காணிக் கந்தோரில கனகாலம் வேலை செய்தனான், அதால சொல்லுறன். ஒல்லாந்தன்ர கவர்னர் சீமோன்ஸ் கேட்டு, 1706ல இஞ்ச திசாவையா (பிரதேச அதிகாரியா) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கட வழக்கங்களை எழுதினார், அதைத் தமிழாக்கி 12 முதலிமாரிட்டக் குடுத்துச் சரிபாத்து 1707ல நடைமுறைக்கு வந்தது. ஒல்லாந்தன் எழுதினான், ஆக்கேல்லை. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து) எல்லாம் எங்கட சொல்லு. சீதனம் பொம்பிளையின்ர தனிச்சொத்து எண்டது சின்ன விசயமோ? இங்கிலாந்தில கலியாணம் கட்டின பொம்பிளைக்கு அப்பிடி ஒரு உரிமை முழுசா வந்தது 1882ல தான்.

வடலி:
ஐயா, அந்த 12 பேரும் ஆர்? ஒல்லாந்தன்ர ஆட்சியில பட்டம் பதவி வாங்கின காணிக்காரர். ஒரு பொம்பிளை இல்லை, வயல்ல குனிஞ்சு நிண்ட ஒருத்தர் இல்லை. அந்தத் தேசவழமையில அடிமையளுக்கெண்டே ஒரு பகுதி கிடக்கு, கோவியர், நளவர், பள்ளர் எண்டு சாதிப் பேர் சொல்லி. இஞ்ச அடிமைமுறை எடுபட்டது 1844ல. அந்தப் பகுதியில எழுதுப்பட்டது என்ர பூட்டன்மார், அதால "எங்கட வழமை" எண்டு நீங்கள் சொல்லேக்க அந்த "எங்கட"வுக்குள்ள நான் இருக்கிறனோ எண்டு எனக்குத் தெரியேல்லை.
வழமை எண்டது ஊருக்கூர் கொஞ்சம் மாறும், தலைமுறைக்குத் தலைமுறை நெளியும். எழுத்தில ஏறினவுடன கல்லாப் போச்சு. பேந்து 1806ல இங்கிலீசுக்காரன் "யாழ்ப்பாணத்து மலபார் குடிகள்" எண்டு எங்களுக்குப் பேரும் வச்சு அதையே சட்டமாக்கினான். மலபாராம்!

ஸ்கார்பரோ கிழவன்:
தம்பிமார் கவனம். தேசவழமை இருக்கிறபடியால்தான் வெளியாள் எங்கட காணியை வாங்கேலாமல் கிடக்கு, அதை எடுத்தால் ஊர் போச்சு.

ரிட்டயர் கிளாக்கர்:
அண்ணை, உது எல்லாரும் சொல்லுற பிழையான கதை. நீங்கள் சொல்லுறது 1947 முன்கொள்வனவுச் சட்டம். பிரிபடாத பங்கை விக்கேக்க கூட்டுப்பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதல்ல கேக்கிற உரிமை, அவ்வளவுதான். அவை வேண்டாம் எண்டால் ஆருக்கும் விக்கலாம். ஊருக்குக் காவல் நிக்கிற சட்டம் இல்லை.

வடலித் தம்பி, அடிமைப் பகுதிக்கு என்னட்ட மறுமொழி இல்லை, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பனங்கூடல் தங்கச்சியின்ர பிரச்சினை 1707 இல்லை. அது 1911ல இங்கிலீசுக்காரன் கொண்டுவந்த கலியாண உரிமை, உரித்துரிமைச் சட்டம், 6ஆம் பிரிவு. அசையும் ஆதனத்தைப் பொம்பிளை தன்பாட்டுக்கு விக்கலாம், அசையாததுக்குப் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். 1923ல மற்றாக்களுக்குப் புதுச்சட்டம் வந்து அந்தச் சம்மதம் எடுபட்டுது, தேசவழமைக்காரருக்கு அது பொருந்தாது எண்டு விட்டாச்சு. 1947ல தேடிய தேட்டத்தைத் திருத்தினவை, இதைத் தொடேல்லை. 1948க்குப் பிறகு கேக்க ஆக்கள் இல்லையோ? எங்கட தலைவர்மார் பொன்னம்பலமும் அப்புக்காத்து (வழக்கறிஞர்), செல்வநாயகமும் அப்புக்காத்து. வெள்ளைக்காரனை எத்தினை காலத்துக்குத் திட்டுறது?

பனங்கூடல்:
ஐயா சொன்ன 1911 சட்டத்தை நேற்று ராத்திரி இருந்து வாசிச்சன், ரெண்டு விசயம் கண்ணில பட்டுது. ஒண்டு, அதே காணியை நான் மரணசாசனம் எழுதிக் குடுக்கிறதெண்டால் அவற்ர சம்மதம் தேவையில்லையாம். உயிரோட விக்கேலாது, செத்தாப் பிறகு ஆருக்கெண்டாலும் போகலாம். மற்றது, தேசவழமை பொருந்தாத ஒரு மட்டக்களப்பு ஆளை நான் கலியாணம் கட்டியிருந்தால் எனக்கும் தேசவழமை பொருந்தாது, என்ர பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வித்திருப்பன். அங்கத்தைய பொதுச்சட்டமும் ரோமன் டச்சு தான், ஒல்லாந்தன்ர, ஆனால் அதில 1923ல சம்மதம் எடுபட்டுப் போச்சு! அப்ப ஒல்லாந்தன்ர சொந்தச் சட்டத்துக்குள்ள போயிருந்தால் தப்பியிருப்பன், அவன் எங்கட எண்டு எழுதினதுக்குள்ள நிண்டு மாட்டுப்பட்டிருக்கிறன்.

வடலி:
அக்கா இதைத்தான் நானும் சொல்ல வந்தனான். உறுதி கிடக்கிற அலுமாரி போர்த்துக்கீசன்ர சொல்லு, அதின்ர லாச்சி ஒல்லாந்தன்ர சொல்லு, அதைப் பதியிற கந்தோரும் அவன்ர சொல்லு. சொல்லு கிடந்தால் கிடக்கட்டும், பாணைப் பாண் எண்டு தின்னுறதால ஒண்டும் குறையாது. கையெழுத்து அப்பிடி இல்லையே. 1911ல இங்கிலீசு ஆட்சிக்கு நல்லதாப் பட்டதை இஞ்ச "பண்பாடு" எண்டு பேர் மாத்தி வச்சிருக்கிறம், அதைத் தொட்டால் இனத்துக்குத் துரோகம் எண்டு கிழவன் அண்ணை போல ஒராள் வருவார்.

ஸ்கார்பரோ கிழவன்:
நான் துரோகம் எண்டு சொன்னனானோ? எல்லாத்தையும் ஒரே நாளில பிடுங்கி எறிஞ்சால் அந்த இடத்தில என்ன வந்து குந்தும் எண்டு பயப்பிடுறன், அது மட்டும்தான். பழைய மாவட்டக் கோட்டில நான் கண்டதுகள் உனக்குத் தெரியாது.

ரிட்டயர் கிளாக்கர்:
சண்டை பிறகு பிடியுங்கோ. தங்கச்சி, புருசன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் குடுக்கலாம், அதே சட்டத்தில 8ஆம் பிரிவு. ஆனால் அவர் கட்டார்ல தானே, மறுக்கேல்லையே? தூதரகத்தில அற்றோணி (அதிகாரப் பத்திரம்) முடிச்சு அனுப்பச் சொல்லுங்கோ, விசயம் முடிஞ்சுது.

பனங்கூடல்:
அதைத்தான் முதல்லயே எழுத வெக்கப்பட்டனான் ஐயா. "இப்ப என்ன அவசரம், நான் வந்து பாக்கிறன்" எண்டார். எப்ப வாறார் எண்டு அவருக்கே தெரியாது. கோட்டுக்குப் போறதெண்டால் மனுசனில பிழை எண்டு ஊருக்கு முன்னால சொல்லோணும், அந்த வழக்கு முடியிறதுக்குள்ள மகள் படிச்சு முடிச்சு அவளுக்குச் சீதனம் எழுதுற காலமும் வந்திடும்.

ரிட்டயர் கிளாக்கர்:
உறுதியின்ர கொப்பி ஒண்டைக் கொண்டு வாங்கோ, சம்மதக் கடிதத்துக்கு நான் வரைவு எழுதித் தாறன். வேணுமெண்டால் அவரோட போனில நான் ஒருக்கா கதைக்கிறன்.

பனங்கூடல்:
நீங்கள் கதைச்சால் கேப்பார் ஐயா. அதுதான் இன்னும் எரியுது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரட்டோ?